ஒவ்வொரு கைப்பையும் ஒரு காவல் நிலையம்

ராய்ஸ் ஹாஸ்கின்ஸ் தன் முன்னாள் மனைவி வீட்டு வாசலில் புல் வெட்டிவிட்டுப் போவதில் சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை என்று பெல்ஃபர் கவுண்டியின் போலீஸ் தலைவரான ஷெரிஃப் லைல் ஹோபர்ட் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"எங்க வீட்டுப் புல்லை யாராச்சும் சொல்லாம வந்து வெட்டிட்டுப் போனா நான் கேக் வாங்கிக் குடுப்பேம்மா," என்றார்.

ட்வைலா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஊருக்கு வெளியே இருந்த முட்டைக் கொட்டகையில் அவளுக்கு வேலை. முட்டைகளை ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே பிடித்து, உள்ளே ரத்தப்பொட்டு இருக்கிறதா, ஓட்டில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துப் பிரித்துவைக்க வேண்டும். அப்படியே பழகிவிட்டதாலோ என்னவோ, எதையும் அழுத்திப் பிடிக்கமாட்டாள். எதையும் அழுத்திச் சொல்லவும் மாட்டாள்.

"புல்லு மட்டும் இல்லைங்க ஷெரிஃப். பின்கதவுக் கீல் வருஷக்கணக்கா கிறீச்சுனு சத்தம் போட்டுக்கிட்டிருந்துச்சு. போன வாரம் வேலை விட்டு வந்து திறந்தா சத்தமே இல்ல. யாரோ எண்ணெய் போட்டிருக்காங்க."

"நல்லதுதானே?"

"இப்ப அந்தக் கதவை யார் திறந்தாலும் எனக்குக் கேக்காதுங்க."

ஷெரிஃப் கொஞ்சம் யோசித்தார். பிறகு, எண்ணெய் என்ன விலை விற்கிறது தெரியுமா என்று கேட்டார்.

விவாகரத்து ஆன அன்று நீதிமன்றப் படிக்கட்டில் ராய்ஸ் அவள் காதோரம் குனிந்து சொன்னான்: "நீ எங்கயும் போகல, ட்வைலா. வீடுதான் மாறுது." சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அவன் எப்போதுமே சத்தம் போடுகிறவன் இல்லை. கல்யாணமான புதிதில் ஊரே அதைச் சொல்லித்தான் அவனைப் புகழ்ந்தது. அவன் அவள் விரலை ஒடித்தபோதுகூட, பக்கத்து அறையில் இருந்த விருந்தாளிகளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அவள் கிட்டே அவன் வரக்கூடாது, ஆயுதம் எதுவும் வைத்துக்கொள்ளக்கூடாது என்று நீதிபதி உத்தரவு போட்டிருந்தார். ஆனால் அந்த உத்தரவை ஷெரிஃப் ஆபீஸ் அவன் கையில் நேரில் கொடுக்கவேண்டும். கொடுக்கும்வரை அது வெறும் காகிதம். குளிர்காலம் போய், டாக்வுட் மரங்கள் பூத்து உதிர்ந்தும்விட்டன. ஆள் அகப்படவில்லை என்றே ஆபீஸில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"தினமும் காலையில உங்க ஆபீஸுக்கு எதிர்த்த கடையிலதாங்க பிஸ்கட்டும் கிரேவியும் சாப்பிடுறார்," என்றாள் ட்வைலா. "நீங்களும் அங்கதானே சாப்பிடுறீங்க."

"சாப்பிடுற மனுஷன் கையில கோர்ட்டுக் காகிதத்தைக் குடுக்கறது பண்பாடாம்மா? வீட்டுக்குத்தான் போகணும். போனோம். வீட்ல இல்ல."

"எப்பப் போனீங்க?"

"காலையில, அவர் சாப்பிடப் போயிருந்தப்ப."

ஷெரிஃப் எழுந்து வந்து மேசை விளிம்பில் உட்கார்ந்தார். அவர் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய படம். பூப்போட்ட கைப்பை ஒன்றிலிருந்து துப்பாக்கிப் பிடி எட்டிப்பார்த்தது. கீழே கொட்டை எழுத்தில்: 'ஒவ்வொரு கைப்பையும் ஒரு காவல் நிலையம்.'

"நான் மறைச்சுப் பேசுற ஆள் இல்லம்மா. இந்தக் கவுண்டி பூராவும் மலை. ஒரு கைவிரல்ல எண்ணிடுற அளவுக்குத்தான் எங்கிட்ட ஆள் இருக்கு. நீங்க போன் பண்ணினா நாங்க வந்துசேர முக்கா மணி நேரம் ஆகும். இதைச் சொல்ல நான் வெக்கப்படல. முக்கா மணி நேரத்துல ஒரு மனுஷி தன்னைப் பத்தி எவ்வளவோ தெரிஞ்சுக்கலாம். நான் முதல்ல ஷெரிஃப் தேர்தல்ல நின்னப்ப, ஒவ்வொரு பெண்ணுக்கும் பாதுகாப்புக் குடுப்பேன்னு வாக்குக் குடுத்தேன். ஜெயிச்சு வந்து பார்த்தா அதுக்குப் பணம் இல்ல. அப்பத்தான் எனக்கு ஒரு ஞானம் வந்துச்சு. பாதுகாப்பை நாம குடுக்கக்கூடாது, அவங்களையே வாங்கிக்கச் சொல்லணும்!"

இதைச் சொல்லிவிட்டு ட்வைலாவின் கையில் ஒரு தள்ளுபடிச் சீட்டைக் கொடுத்தார். மெர்ல் டகெட் துப்பாக்கிக் கடை. மெர்ல் ஷெரிஃப்பின் மச்சான்.

*

மெர்ல் டகெட்டின் கடையில் மீன்பிடி தூண்டில், மான் தலை, பைபிள் அட்டைப்படம் போட்ட காப்பிக் கோப்பை எல்லாம் கிடைத்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் ரிவால்வர்கள் வரிசையாகப் படுத்திருந்தன. மெர்ல் தடித்த மனிதர். பெண்கள் வந்தால் குரலைத் தேனாக்கிக்கொள்வார்.

"யாருக்குக் கண்ணு? உனக்கா? முதல் துப்பாக்கியா? அடடா, முதல் குழந்தை மாதிரி. பொறுமையா எடுக்கணும்."

"விலை குறைவா ஒண்ணு பார்க்கணும்."

மெர்லின் முகத்தில் தேன் கொஞ்சம் வற்றியது. ஆனாலும் ஒரு ரோஜா நிற ரிவால்வரை எடுத்து மெத்தைத் துணியில் வைத்தார். பெண்களுக்கென்றே வந்தது என்றார். ட்வைலா விலைச்சீட்டைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அடுத்து ஒன்று காட்டினார்: குண்டாக, பளபளவென்று, ஒரு இஸ்திரிப்பெட்டி கனம்.

"இதை வச்சா என் பை அறுந்துபோயிடும்."

"கனமா இருந்தா பை வலிக்கும், லேசா இருந்தா கை வலிக்கும். உயிருக்கு முன்னாடி வலி என்ன கண்ணு?" மெர்ல் குனிந்து கீழ்த்தட்டிலிருந்து சின்ன, மங்கிய கறுப்பு ரிவால்வர் ஒன்றை எடுத்தார். "இது பழசு. அஞ்சு குண்டுதான். பின்னாடி சுத்தியல் மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டிருக்கும் பாரு, இதுல அது உள்ளயே அடங்கியிருக்கு. பையிலேர்ந்து உருவுறப்போ துணியில மாட்டாது. கைக்குட்டைக்கு அடியில வச்சா ஆண்டவனுக்குக்கூடத் தெரியாது."

விலை தாங்கும்படியாக இருந்தது. ட்வைலா அதைக் கையில் எடுத்தாள்.

"முட்டை பிடிக்கிற மாதிரி பிடிக்காதே கண்ணு. அப்படிப் பிடிச்சா சுட்டவுடனே உன் மூஞ்சிக்கே வரும். நெரிக்கணும்."

நெரித்தாள். குண்டு போடாமலே விசை விறைப்பாக இருந்தது. இரண்டாவது முறை இழுக்க இரண்டு விரல் வேண்டியிருந்தது.

"இது முன்னாடி யார்கிட்ட இருந்தது?"

"ஒரு பொம்பளைதான். ரொம்பப் பத்திரமா வச்சிருந்தா. ஒரு தடவைகூடச் சுடல."

"அப்புறம் ஏன் வித்தாங்க?"

"அவ விக்கல," என்றார் மெர்ல், துணியால் துப்பாக்கியைத் துடைத்தபடி. "அவ அக்கா வந்து வித்தா."

பிறகு மெர்ல் போனை எடுத்து, இவளுக்கு ஆயுதம் விற்கலாமா என்று ஏதோ அரசாங்க ஆபீஸில் கேட்டார். அவள் கோட்டுப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் சம்மதம் வந்துவிட்டது. அரசாங்கத்தால் இத்தனை சுருக்காக ஒரு காரியம் செய்ய முடியும் என்பதே ட்வைலாவுக்குப் புதிய செய்தியாக இருந்தது.

*

மறைத்து வைத்துக்கொள்ளும் துப்பாக்கிக்கு மரியாதையே அது இருப்பது யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் என்று மெர்ல் மூன்றுதரம் சொல்லி அனுப்பியிருந்தார். மறுநாள் முட்டைக் கொட்டகையில் மேற்பார்வையாளர், "அஞ்சு குண்டுதானாமே, ஆறு கிடைக்கலையா?" என்று கேட்டார். மருந்துக்கடையில் வரிசையில் நின்றவர்கள் அவள் கைப்பையைப் பார்த்து மரியாதையாக ஒதுங்கினார்கள். போதகர் ஞாயிற்றுக்கிழமை கைகுலுக்கும்போது, "ரோஜா நிறம் எடுத்திருக்கலாம் சகோதரி," என்றார்.

வார நடுவில் ஒருநாள் வேலைவிட்டு வந்தபோது வாசற்படியில் ஒரு பெட்டி இருந்தது. தோட்டாப் பெட்டி. பக்கத்தில், அவளுடைய கைப்பை அளவுக்கே தைத்ததுபோல ஒரு தோல் உறை. புல் புதிதாக வெட்டப்பட்டிருந்தது. பச்சை வாசனை அடித்தது.

வீட்டுக்குள் போகாமல் நேரே மெர்ல் கடைக்கு வண்டியை விட்டாள்.

"யார்கிட்டல்லாம் சொன்னீங்க?"

"யார்கிட்டயும் சொல்லல கண்ணு. ராய்ஸ் வந்தான், அவன்கிட்ட மட்டும் சொன்னேன். அவன் யாரோவா? 'சின்ன துப்பாக்கில கனமான தோட்டாப் போட்டா அவ மணிக்கட்டு தாங்காது மெர்ல், லேசானதாக் குடு'ன்னு கேட்டு வாங்கிட்டுப் போனான். என் பொண்டாட்டி இப்ப மாடிப்படியில விழுந்தாக்கூட நான் இவ்வளவு யோசிக்கமாட்டேன். நீ குடுத்து வச்சிருக்கணும்."

அங்கிருந்து ஷெரிஃப் ஆபீஸுக்குப் போனாள். தோட்டாப் பெட்டியை மேசைமேல் வைத்தாள். ஷெரிஃப் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல சரக்கு. இப்ப நீங்களே யோசிங்கம்மா. உங்களைக் கொல்லணும்னு நெனைக்கிறவன் உங்க கையில தோட்டா குடுப்பானா?"

"நான் அவரை எப்பவுமே சுடமாட்டேன்னு அவருக்குத் தெரியுங்க. அதைச் சொல்றதுக்குத்தான் வச்சிட்டுப் போயிருக்கார்."

"அப்படியா?" ஷெரிஃப்புக்குக் கவலையாகிவிட்டது. "சுடமாட்டீங்களா? அப்ப வகுப்புக்கு வந்தே ஆகணும். சனிக்கிழமை, சந்தைத் திடல் கொட்டகையில. முடிச்சாத்தான் பையில வச்சுக்க அனுமதி அட்டை. வர்றவங்களுக்கு டோனட் உண்டு."

*

கொட்டகை நிறைந்திருந்தது. ஆடு மாடு கண்காட்சி நடக்கும் இடம். வைக்கோல் வாசனை இன்னும் போகவில்லை. ஷெரிஃப் மைக்கைப் பிடித்தார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். நான் ஷெரிஃப் ஆனதிலேர்ந்து இந்தக் கவுண்டில பொண்ணுங்க குடுக்குற புகார் பாதியாக் குறைஞ்சிருக்கு. ஏன்? புகார் குடுக்க வர்றவங்களை நாங்க மெர்ல் கடைக்கு அனுப்பிடுறோம். அங்கேர்ந்து யாரும் திரும்பி வந்து புகார் குடுக்கல. சில பேர் திரும்பி வரவே இல்ல. அவ்வளவு தைரியமாயிட்டாங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள்.

"எதிர்ல வர்ற ஒவ்வொருத்தனும் உங்களைக் கொல்ல வர்றான்னு நெனைச்சுக்கங்க. மளிகைக் கடையில நெனைச்சுக்கங்க, சர்ச்சுல நெனைச்சுக்கங்க. அப்படி நெனைச்சா மனசுக்கு ஒரு நிம்மதி வரும்."

அப்புறம் வெளியே சுடும் இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். ட்வைலா வரிசையின் கடைசியில் நின்றாள். முன்னால் காகித மனிதன் ஒருவன் தொங்கினான். அவள் ரிவால்வரைத் தூக்கினாள். காதுமூடி போட்டிருந்ததால் பின்னால் வந்த காலடி கேட்கவில்லை. ஒரு கை வந்து அவள் மணிக்கட்டை அடியில் தாங்கியது.

அந்தக் கையை அவளுக்குப் பார்க்காமலே தெரியும்.

ராய்ஸ் அவள் காதுமூடியை ஒரு விரலால் மெல்ல விலக்கினான். மஞ்சள் மேல்சட்டை போட்டிருந்தான். முதுகில் 'தொண்டர்' என்று எழுதியிருந்தது.

"மூச்சை விடு, ட்வைலா. பயந்தா நீ மூச்சைப் பிடிச்சுக்குவே. எனக்குத் தெரியாதா?"

கையில் ஐந்து குண்டு இருந்தது. சுடும் இடத்தில் துப்பாக்கியோடு யாரும் திரும்பக்கூடாது என்பதுதான் வகுப்பின் முதல் விதி. அவள் திரும்பவில்லை. அவன் கை தன் கையைத் தாங்கியபடி இருக்க, காகித மனிதனைச் சுட்டாள். ஐந்தும் நெஞ்சில் விழுந்தன. அவனே ஓடிப்போய்க் காகிதத்தை எடுத்துவந்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான்.

இடைவேளையில் ஷெரிஃப்பின் சட்டையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினாள். "அதோ நிக்கிறார். நீங்க மாசக்கணக்காத் தேடுற ஆள். டோனட் தின்னுக்கிட்டு."

"அவரா? இன்னிக்கு அவர் தேடப்படுற ஆள் இல்லம்மா, தொண்டர். தொண்டு செய்ய வந்தவரைப் பிடிச்சுக் காகிதம் நீட்டினா அடுத்த வருஷம் எவன் வருவான்?"

"அந்தக் காகிதம் இருக்கா, தொலைச்சுட்டீங்களா?"

ஷெரிஃப்புக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. ஜீப்பைத் திறந்து, முன்கண்ணாடியில் வெயிலில் கிடந்து மஞ்சளாகியிருந்த உத்தரவை எடுத்துவந்து மேசைமேல் போட்டார். "பாருங்க. எங்க ஆபீஸ்ல ஒரு துண்டுக் காகிதம் தொலையாது."

அந்த நேரம் பத்திரிகைக்காரர் போட்டோவுக்குக் கூப்பிட்டார். ஷெரிஃப் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓடினார். மேசையில் உத்தரவு கிடந்தது. பக்கத்தில் நற்சான்றிதழ்கள், நீல அட்டைக்குள், பெயர் எழுதி அடுக்கப்பட்டிருந்தன. ராய்ஸ் ஹாஸ்கின்ஸ் பெயர் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.

ட்வைலா இதற்குமுன் எதையும் திருடியதில்லை. இதுவும் திருட்டில்லை என்று சொல்லிக்கொண்டாள். அட்டைக்குள் இருந்ததை உருவிக் கைப்பையில் போட்டாள். உத்தரவை அதற்குள் வைத்தாள். முட்டையைத் தட்டில் வைப்பதுபோல, ஒரு சத்தமும் இல்லாமல்.

*

"இந்த வருஷத்துச் சிறந்த தொண்டர்!" என்று ஷெரிஃப் மைக்கில் முழங்கினார். ராய்ஸ் மேடையேறினான். ஷெரிஃப் அட்டையைத் திறந்து, உள்ளே எழுதியிருந்ததைக் கணீரென்று படித்தார்.

"ராய்ஸ் ஆல்வின் ஹாஸ்கின்ஸ்! இந்த நீதிமன்றத்தின் ஆணைப்படி, மேற்படி ட்வைலா என்பவருக்கு நீர் பலமுறை விளைவித்த உடல் துன்பத்தைக் கருதி..."

கூட்டம் பழக்கதோஷத்தில் கைதட்டியது. ஷெரிஃப்பும் குரலின் ஓட்டத்தில் இன்னும் இரண்டு வரி படித்துவிட்டார். விரல் ஒடிந்தது வந்தபோதுதான் நிறுத்தினார். அதற்குள் அட்டை ராய்ஸின் கைக்குப் போயிருந்தது; போட்டோவும் எடுத்தாயிற்று.

மேடை ஓரம் நின்ற இளம் காவலர் ஒருவர், வேலைக்குப் புதிது போலிருக்கிறது, "சார், உங்க கையாலயே குடுத்துட்டீங்க. அப்ப உத்தரவு அமலுக்கு வந்தாச்சு சார்," என்றார்.

ஷெரிஃப் ட்வைலாவைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். தேர்தல் அடுத்த வருஷம்.

"பார்த்தீங்களா! எங்க ஆபீஸ் ஒரு காரியத்தைக் கையில எடுத்தா முடிக்காம விடாது!" என்றார். மறுபடி கைதட்டல். "ராய்ஸ், சட்டம் சட்டம்தான்ப்பா. உன் இடுப்புல இருக்கற துப்பாக்கியை இனி நீ வச்சுக்க முடியாது. நம்பிக்கையான ஒரு ஆள்கிட்ட ஒப்படைக்கணும்." கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இவருக்காக வாங்கி வச்சுக்க யாராச்சும் இருக்கீங்களா?"

ஒரு கை உயர்ந்தது. அப்புறம் ஒன்று. மெர்ல் இரண்டு கையையும் தூக்கினார். மேற்பார்வையாளர் தூக்கினார். மருந்துக்கடைக்காரி தூக்கினாள். போதகர் கொஞ்சம் தயங்கி, பக்கத்தில் பார்த்துவிட்டு, தூக்கினார். கொட்டகை முழுக்கக் கைகள். தூக்காமல் இருந்தவை ட்வைலாவுடைய இரண்டும், அந்த இளம் காவலருடையதும்தான். அவரையும் ஷெரிஃப் ஒரு பார்வை பார்த்தார்.

ஷெரிஃப் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுக்குப் பேர்தான் ஊரு," என்றார், நிஜமாகவே குரல் தழுதழுக்க.

ராய்ஸ் துப்பாக்கியை மெர்லிடம் கொடுத்தான். மெர்ல் அதைத் தன் கோட்டுப் பையில் போட்டுத் தட்டிக்கொண்டார். இருவரும் பேசிச் சிரித்தபடி மேடையிலிருந்து ஒன்றாக இறங்கினார்கள். அவளைக் கடக்கும்போது ராய்ஸ் நின்றான். கோபமே இல்லை. உத்தரவை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"நல்லாத் தேறிட்டே, ட்வைலா," என்றான்.

அவள் வண்டியில் ஏறினாள். வீட்டுக்குத் திரும்பும் முக்கில் திரும்பவில்லை. மாற்றுத்துணியும் இல்லை, பல்துலக்கியும் இல்லை. இந்த ஊரில் அவளைச் சுட ஒரு துப்பாக்கிதான் இருந்தது என்று இதுநாள்வரை நினைத்திருந்தாள். தூக்கிய கைகளை நினைக்க நினைக்கக் கால் தானாகவே ஆக்சிலரேட்டரை அழுத்தியது. மலை இறங்கி, ஆறு தாண்டி, சோளக்காடு தொடங்கி, அது முடிவதாகவே தெரியாத சமவெளியில், தங்கை நோரீன் வீட்டு வாசலில்தான் வண்டியை நிறுத்தினாள்.

*

இலையுதிர் காலத்தில் போன் வந்தது. ஷெரிஃப் ஆபீஸிலிருந்து ஒரு பெண். குரல் கலகலப்பாக இருந்தது.

"ட்வைலாம்மாவா? உங்க துப்பாக்கி அனுமதி அட்டை ரெடியா இருக்கும்மா. வீட்டுக்கு அனுப்பினோம், திரும்பி வந்துடுச்சு. இப்ப எங்க இருக்கீங்க?"

"எனக்கு அட்டை வேண்டாம்மா."

"ஐயோ, அப்படிச் சொன்னா கம்ப்யூட்டர் ஒத்துக்காது. வகுப்பு முடிச்சவங்களுக்கு அட்டை போய்ச் சேர்ந்தே ஆகணும், ஷெரிஃப் கணக்குக் காட்டணும். புது அட்ரஸ் சொல்லுங்க."

"சொல்ல முடியாது. என் அட்ரஸ் தெரியக்கூடாதுன்னு கோர்ட்டே சொல்லியிருக்கு."

"அதெல்லாம் ரகசியமாத்தான் இருக்கும்மா. என் கண்ணுலகூடப் படாது. நான் எழுதி வைப்பேன், உறையில போட்டுத் தபால்ல சேர்க்கறது எல்லாம் எங்க தொண்டர்தான். ரொம்ப அக்கறையான மனுஷன். துப்பாக்கியைத் தொடக்கூடாதுன்னு ஆயிட்டதால பாவம், சுடுற இடத்துலேர்ந்து அட்ரஸ் பிரிவுக்கு மாத்திட்டாங்க. உங்க அட்டை ஏன் இன்னும் போகலன்னு அவர்தான் தினமும் கேட்டுக்கிட்டே இருக்கார்."

சமையலறையில் நோரீன் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெளியே சோளம் அறுத்த வெறும் நிலம், கண்ணுக்கெட்டியவரை.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

இருக்கிறேன் என்றாள் ட்வைலா. கொஞ்சம் மூச்சு விட்டாள். பெல்ஃபர் கவுண்டியில் டாக்வுட் மேட்டுச் சாலையின் முதல் வீடான ஷெரிஃப் வீட்டுக்கு யாருக்கும் வழி சொல்லவேண்டாம். யாரோ அந்த வீட்டுத் தபால்பெட்டியை உதைத்துவிட்டுப் போன ராத்திரியிலிருந்து, லைல் ஹோபர்ட்டும் அவர் குடும்பமும் நிம்மதியாகத் தூங்குவதற்காகக் கவுண்டி செலவில் அங்கே காவல் போட்டிருந்தார்கள். அந்த விலாசத்தைத்தான் நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

அந்தப் பெண் திருப்பிப் படித்துக் காட்டினாள். வெளியூர்க்காரி போலிருக்கிறது, ஒன்றும் தோன்றவில்லை.

"எழுதிக்கிட்டேம்மா. பத்திரமான இடம்தானே?"

"ரொம்பப் பத்திரமான இடம். வாசல்ல ராத்திரி பகலா ரெண்டு போலீஸ்காரங்க நிக்கிறாங்க."

"அப்படியா!" என்றாள் அந்தப் பெண், நிஜமான பொறாமையோடு. "குடுத்து வச்சவங்கம்மா நீங்க."